இடுப்புயரத்தில் ஓர் ஆணி

போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், சமையலறைப் பின்வாசல் நிலையில் இருக்கிற ஆணியைக் கட்டைவிரலால் ஆட்டிப் பார்த்தார். "இதப் புடுங்கிரலாங்களா டீச்சர்? இடுப்பு ஒயரத்துல அடிச்சு வெச்சா இதுல என்னாத்த மாட்டறது?" என்று சிரித்தார். நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றுகொண்டு நானும் இதையேதான் கேட்டேன். அவராவது வேடிக்கையாகக் கேட்டார். நான் விலையைக் குறைப்பதற்காகக் கேட்டவள்.

எண்பத்து மூன்றில் நாங்கள் இதே அரூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒன்பது வருடத்தில் ஐந்து வீடு மாறியிருந்தோம். கடைசி வீட்டுக்காரம்மா நாங்கள் எத்தனை குடம் தண்ணீர் சேந்துகிறோம் என்று ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருப்பாள். இனி ஒருத்தியிடம் கைகட்டி நிற்க முடியாது என்று லோன் போட்டு, என் நகையில் பாதியை விற்று, முப்பத்தெட்டாயிரம் புரட்டி வைத்தோம். அப்போதுதான் டைலர் பாய் வீட்டை விற்கிறார் என்று புரோக்கர் வந்து சொன்னார். பாய் சொன்ன விலையும் சரியாக முப்பத்தெட்டுதான். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை.

நான் பிறந்தது காரிமங்கலம் பக்கம். என் அப்பா சந்தையில் ஆடு வாங்கி விற்றவர். விற்கிறவர் சொல்லும் கஷ்டத்தை உச்சுக்கொட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் காதோடு விட்டுவிட வேண்டும் என்பார். விலை படியவில்லை என்றால் எழுந்து நடக்க வேண்டும், என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது, கூப்பிடுவார்கள். இந்த வித்தையை வைத்துக்கொண்டு தக்காளிக் கூடையிலிருந்து எவர்சில்வர் குடம் வரைக்கும் அடித்துப் பேசி வாங்கியிருக்கிறேன். என்னிடம் மசியாத ஒரே ஆள் டைலர் பாய்தான். எட்டு வருடமாக அவர் கடையில்தான் எனக்கு ஜாக்கெட் தைத்தேன். ஒவ்வொரு தடவையும் கூலியில் எட்டணாவாவது குறைக்கப் பார்ப்பேன். கழுத்தில் தொங்கும் டேப்பை இழுத்துக்கொண்டே, "சொன்னதுதானுங்க டீச்சர்" என்பார், அவ்வளவுதான். அந்த மனிதரை வீட்டு விலையிலாவது மடக்கிக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீடு பார்க்கப் போனோம். ஓட்டு வீடு, பின்னால் கிணறு, ஒரு முருங்கை மரம். பார்த்ததுமே மனசுக்குள் குடிபோய்விட்டேன். முகத்தில் மட்டும் காட்டவில்லை. ஓடு மாற்ற வேண்டும் என்றேன், கிணறு உப்பு என்றேன். சமையலறைப் பின்வாசலிலிருந்து சுவரோரமாகக் கிணற்றடி வரை எட்டு ஆணி அடித்து, ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தது. "இவ்ளோ தாழ்வா யாராவது துணிக்கொடி கட்டுவாங்களா பாய்? சுவரெல்லாம் ஓட்டை. இத யாரு பூசறது?" என்று அதையும் கணக்கில் சேர்த்தேன். பாய் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து, "டீச்சரம்மாவுக்குச் சக்கர போதுமான்னு கேளுங்க" என்று ஒரு குரல் வந்தது. அவர் மனைவி வெளியே வரவில்லை. அந்நியர் முன்னால் வராத வழக்கமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். டீ நன்றாக இருந்தது.

முப்பத்தைந்து என்றேன். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகத்தான் சொன்னார். "கடன் அடைக்கணுமுங்க டீச்சர். மிச்சத்துக்கு இதே தெருக் கோடியில ஒரு சின்ன வூடு பேசி வெச்சிருக்கறேன். முப்பத்தெட்டு வந்தாத்தான் அது கைக்கு வருமுங்க. எங்க வூட்டுல அவளுக்கு இந்தத் தெருவ விட்டா ஆகாது." எட்டு வருடத்தில் ஒரு பொய் சொல்லிக் கேட்டறியாத வாய். எனக்கோ அது சந்தையில் கேட்ட நூறு கதையோடு நூற்றியோராவது கதையாகத்தான் பட்டது. கடன்காரர்கள் அந்த மாதக் கடைசி வரைதான் தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று புரோக்கர் வேறு என் காதில் போட்டிருந்தார். எழுந்துவிட்டேன். "குடுத்தரலாமே, பாவம்" என்று முணுமுணுத்த வீட்டுக்காரரின் முழங்கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு நடந்தேன். வேகமாகவும் நடக்கவில்லை, பாய் யோசிக்க நேரம் வேண்டுமே. திரும்பியும் பார்க்கவில்லை. தெருமுனை அடிபம்பு தாண்டும்போது பின்னால் காலடி கேட்டது. செருப்புகூடப் போடாமல் வந்திருந்தார். "சரிங்க டீச்சர். உங்க விலைக்கே வெச்சுக்கங்க" என்றார். அன்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காமல் போகிறது.

சாவி கொடுக்கும் முன்னால் ஆணிகளை அவரே பிடுங்கினார். வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வீட்டுக்காரர் தடுத்தும் கேட்கவில்லை. "டீச்சர் கொறையாச் சொன்னது, அப்படியே உட்டுட்டுப் போகக் கூடாதுங்க" என்று ஓட்டைகளைச் சிமெண்டு வைத்து அடைத்தார். நிலையில் அடித்த ஆணி மட்டும் மரத்துக்குள் வளைந்திருந்தது, வரவில்லை. மன்னிச்சுக்கங்க என்றார் என்னிடம்.

பால் காய்ச்சிய அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா பின்வாசலில் நின்று, "கயத்த அவுத்துட்டீங்களா?" என்று கேட்டார். எதற்கு அந்தக் கயிறு என்றேன். "தெரியாதுங்களா? அந்தம்மாவுக்கு ரெண்டு கண்ணும் போயிப் பல வருசம் ஆச்சுங்க. கயத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் கெணத்துக்குப் போகும், தண்ணி சேந்தும். சொவத்தத் தடவிக்கிட்டே எங்க வூடு, எதுத்த வூடு எல்லாத்துக்கும் வந்துரும். கோடி வூட்ட வாங்கியிருந்தா இங்கயே இருந்திருக்கும். பணம் பத்தலயாம், வேற ஆளு வாங்கிட்டான்." பாயும் மனைவியும் தர்மபுரியில் அவர் தம்பி வீட்டு மாடிக்குப் போய்விட்டார்களாம். என் கையில் பாயசக் கரண்டி இருந்தது. அந்த மூவாயிரத்தில் அதற்குள் இரும்பு பீரோவும் கட்டிலும் வாங்கிப் போட்டாகிவிட்டது.

பாய் கடையை அரூரிலேயே வைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போனார். எனக்குத்தான் அந்தக் கடைவாசலை மிதிக்கக் கால் வரவில்லை, வேறு டைலரிடம் போய்விட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேராக மாட்டிக்கொண்டேன். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "இருக்கறாளுங்க. மாடிய உட்டு எறங்கறதில்ல. அந்த வூட்டுலன்னா டீயெல்லாம் அவளே வெச்சுருவா" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. இருந்திருந்தால் நான் அழுது கேட்டிருப்பேன், மன்னித்துவிடுங்கள் பாய் என்று. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது, "ரெண்டு ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும்" என்பதுதான். "குடுங்க டீச்சர். கூலி அதேதானுங்க" என்று சிரித்தார். நான் கொடுக்கவில்லை. அவரை அப்புறம் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்காரர் போய் ஆறு வருடமாகிறது. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள், சரியாக வரவில்லை. வலதும் மங்குகிறது. காலையில் பின்வாசலுக்குப் போகும்போது என் கை தானாக அந்த ஆணியைத் தேடுகிறது. அதைத் தொட்ட பிறகுதான் படியில் கால் வைக்கிறேன். அதைத் தாண்டிக் கிணற்றடி வரை பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. இருந்ததைத்தான் நானே ஓட்டை என்று சொல்லி அடைக்க வைத்துவிட்டேனே.

பெயிண்டர் இன்னும் ஆணியைப் பிடுங்கக் கையில் குறடோடு நின்றுகொண்டிருந்தார். "அது இருக்கட்டும்பா" என்றேன். "எதுக்குங்க டீச்சர், என்ன மாட்டப் போறீங்க?" என்றார் மறுபடியும்.

"மாட்டறதுக்கு இல்லப்பா. கயிறு கட்டறதுக்கு. கெணத்தடி வரைக்கும் இன்னும் ஏழு ஆணி அடிக்கணும், இதே ஒயரத்துல. எவ்வளவு கேக்கற?"

அவர் ஒரு தொகை சொன்னார். சரி என்றேன்.