தளம் போட்ட அன்று விழுங்காத மாத்திரை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். சட்டி சுமந்து, கொத்தனார் கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, கான்ட்ராக்டர் ஆனேன். தாம்பரம், பல்லாவரம், சிட்லபாக்கம் என்று நான் எழுப்பிய வீடுகள் நாற்பதுக்கு மேல். ஏரியோரச் சேற்றில் அஸ்திவாரம் நிற்காது என்று படித்த இன்ஜினீயர்கள் கைவிரித்த மனையில் இரண்டு மாடி கட்டினேன். இன்றும் ஒரு கீறல் கிடையாது. இதையெல்லாம் ஊரே சொல்லும். ஊருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், சித்திரை மாதம். சிட்லபாக்கத்தில் ஒரு வாத்தியார் வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போட்டோம். ஈரத் தளத்தைத் தாங்கப் பலகை அடித்து, அடியில் முட்டுக்கட்டை கொடுக்கிற வேலையைப் பார்ப்பவன் என் சொந்தத் தம்பி. அவனுக்கு இரண்டு வருடமாகப் பிரஷர். மாத்திரை போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்பான். உயரத்தில் நிற்கிறவனுக்குத் தலை சுற்றலாமா? அதனால் நானே ஒரு சட்டம் போட்டேன். தளம் போடுகிற நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் மாத்திரை கிடையாது. யாரையும் கேட்கவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பாதித் தளம் முடிந்தபோது ஒரு முட்டுக்கட்டை இறங்கிவிட்டது. வாத்தியார் பார்த்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

"இன்னாடா, கண்ணு அவிஞ்சி போச்சா? முட்டு எறங்குது, நீ வேடிக்க பாத்துகினு கீற! ஒன்ன நம்பி வேல எடுத்தேன் பாரு!" என்று அத்தனை ஆட்கள் முன்னால் கத்தினேன்.

"மேஸ்திரி கத்துறதுக்கு கலவ மிஷினே நின்னுடும் போலகீது" என்றாள் ஒரு சித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையைச் சரிசெய்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"தல பொளக்குதுண்ணா. கொஞ்சம் குந்திக்கவா?"

"பாதில உட்டா நாளிக்கி ஒழுகும்டா. முட்சிட்டு எம்மாம் நேரம் வேணா குந்து."

முடித்தான். கடைசிச் சட்டி கொட்டிய பிறகு ஏணியில் இறங்கி, மணல் குவியலில் உட்கார்ந்தான். வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை நிறுத்தினாரா?"

"தெரியலம்மா" என்றேன்.

"இன்னிக்கு ஏதாவது சண்டை, கோபம்?"

"வேலைன்னா நாலு வார்த்த இருக்கும்மா."

அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "கோபம், பயம், அவமானம் எது வந்தாலும் உடம்புல ஒண்ணு சுரந்து ரத்தத்துல கலக்கும். அது ரத்தக்குழாயை இறுக்கும். மத்தவங்களுக்கு இறுகி, அப்புறம் தளர்ந்துடும். பிரஷர்காரங்களுக்குக் குழாய்ச் சுவரே தடிச்சிருக்கும். அதே சுரப்புக்கு ரொம்ப அதிகமா இறுகிடும். கத்தினாதான்னு இல்ல, வாயை மூடிக்கிட்டு அடக்கினாலும் சுரக்கும். மாத்திரை இருந்திருந்தா அது கொஞ்சம் தாங்கியிருக்கும்."

வாயை மூடிக்கொண்டு அடக்கியவன் உள்ளே கிடந்தான்.

ஆறு வருடம் படுக்கையில் இருந்தான். பேச்சு திரும்பவே இல்லை. நான் போய் நின்றால் என் முகத்தையே பார்ப்பான். அதில் கோபமும் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் போன அன்று அவன் மனைவி வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "எல்லாம் விதிங்க. எங்க மாமாதான் கடைசி வரைக்கும் தாங்குனாரு" என்று அழுதாள். நான் மறுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி செத்தது பிரஷரால் என்று சொல்லுங்கள், விதி என்றும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் அண்ணன் செய்த வேலையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.