ஈர மண்ணில் பட்டாம்பூச்சிகள்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அலசிய துணி, காய்ந்த பிறகு கொடியிலிருந்து எடுத்தால் அப்பளம் போல மொடமொடவென்று சத்தம் போடும்; அதைக் கேட்டாலே "நைனா"வுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, முகம் சுருங்கிவிடும். ஆம்பூரில், தோல் பதனிடும் கம்பெனி ஒன்றின் பின்சுவரை ஒட்டிய தெருவில் இருந்தது எங்கள் வீடு. அம்மாவின் பேருக்கு அவளைப் பெற்றவர்கள் எழுதிவைத்த வீடு. அப்போது அம்மா என் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணிய வச்சிக்கினு கொழந்த வளக்க முடியாது. குடியாத்தத்துல அக்கா வூட்டாண்ட வாடகைக்குப் போய்டலாம்" என்று நைனா தினமும் ஆரம்பிப்பார்.

"சொந்த வூட்ட உட்டுட்டு நான் இன்னாத்துக்கு வாடகைக்குப் போவணும்?" என்பாள் அம்மா.

ஒரு நாள் பேச்சு முற்றி, நைனா செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த மண்ணுல ஒரு பூ பூக்குதா? ஒரு பட்டாம்பூச்சி வருதா? வந்தா சொல்லு, அப்புறம் நான் வாயத் தொறக்கல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கோபத்தில் சொன்னது என்று நான் நினைத்தேன். அம்மா அதைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வேலூர் போனவள், லாங் பஜாரில் கூட்டத்துக்குள் புகுந்து சாமந்தி நாற்றும் இட்லிப்பூச் செடியும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கிணற்றடியைக் கொத்தி நட்டாள். நட்ட கொஞ்ச நாளிலேயே இலை ஓரமெல்லாம் அடுப்பில் காட்டியது போலக் கருக ஆரம்பிக்க, தாகம் போலிருக்கிறது என்று கிணற்றுத் தண்ணீரையே இன்னும் "ஜாஸ்தி"யாக ஊற்றினாள். ஊற்ற ஊற்ற மண்ணின்மேல் ஏதோ வெள்ளைப் பொடியாகப் பூத்தது. எப்படியோ நாலைந்து சாமந்தி மட்டும் மலர்ந்தன.

ஒரு காலையில் வந்தேவிட்டன. வெள்ளையும் இளமஞ்சளுமாகக் கூட்டமாகப் பட்டாம்பூச்சிகள். வாயில் பற்பசை நுரையோடு வெளியே வந்த நைனா அப்படியே நின்று, பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "தோத்துட்டேன் தாயே" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஷபானா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"பூச்சிக்கு ஆவுற மண்ணு நமக்கு ஆவாதா?" என்று சொல்லி, அதுவரை சமையலுக்குப் பிடித்துவந்த லாரித் தண்ணீரை அன்றிலிருந்து அம்மா விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே உலை வைத்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வந்த பூச்சிகளில் ஒன்றுகூடப் பூவில் உட்காரவில்லையே, எல்லாம் ஈர மண்ணில்தானே அப்பிக்கொண்டு கிடந்தன என்ற எண்ணம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அதை ஷபானாவிடம் சொன்னேன். "அடியே, இதுக்கா பேஜாராவுற? எங்க மாமூ வேல செய்ற எடத்தாண்ட வா. தித்லி மேலயே நடக்கலாம்" என்று கூட்டிப்போனாள். அவர்கள் வீட்டில் பட்டாம்பூச்சிக்குத் தித்லி என்று பேர். கம்பெனிக்குப் பின்னால், கெடாமலிருக்கத் தோலில் தடவி, பிறகு தட்டி எடுத்த உப்பைக் குவித்து வைத்திருந்த இடத்தில், உப்பு கரைந்து ஓடிய சேற்றின்மேல் பாய் விரித்தது போல அதே பூச்சிகள். சுற்றிலும் ஒரு பூ இல்லை, புல் இல்லை. உப்பைத்தான் உறிஞ்சுகின்றன என்பது பார்த்ததுமே புரிந்துவிட்டது. அப்படியானால் எங்கள் கிணற்றடிக்கும் அவை வந்தது அதற்குத்தான்.

மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னதற்கு, "உங்க நைனா சொல்லிக் குடுத்து அனுப்பனாரா?" என்று அம்மா திட்டினாள். ஆனாலும் மறுநாள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெல்ல நடந்து என்னோடு வந்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெகுநேரம் அந்தச் சேற்றையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வடித்து வைத்திருந்த சோற்றைப் பானையோடு தூக்கிப்போய்க் கொட்டினாள்.

சாயங்காலம் நைனா வந்தபோது, "உங்க அக்காகிட்ட வூடு பாக்கச் சொல்லு" என்றாள்.

நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாடீ இது? இப்பதான் பூச்சி வருதே?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

குடியாத்தத்தில் தம்பி நன்றாகத்தான் பிறந்தான். ஆனால் அவனுக்கு லேசாகக் காய்ச்சல் கண்டாலும் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். கிணற்றுத் தண்ணீரில் பொங்கிய அந்தச் சோற்றைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை. அம்மா அதற்குப் பிறகு ஒரு செடிகூட நடவில்லை. ஆம்பூர் வீடு இப்போது கம்பெனியின் குடோன். கிணற்றை மூடி சிமெண்ட் போட்டுவிட்டார்களாம்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பூச்சிக்கு உப்பு எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மகள் ஆசைப்பட்டாள் என்று மாடியில் தொட்டிகளில் செடி வைத்திருக்கிறேன். நேற்றுகூட, "அம்மா, பட்டாம்பூச்சி வந்திருக்கும்மா!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எழுவதற்கு முன்பே, "எங்கடீ ஒக்காந்திருக்குது? பூவுலயா, மண்ணுலயா?" என்று கேட்டேன்.

"பறக்குதும்மா" என்றாள் சிரித்துக்கொண்டே.

அது எங்கேயாவது உட்காரட்டும் என்று அவள் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தேன்.