அலசிய தண்ணீர்

பல் துலக்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டு நாற்றுக்காரருக்குத் தக்காளி நாற்றுகளின் இலைகளைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தாக வேண்டும். பூச்சியோ நோயோ முதலில் அங்கேதான் தெரியுமாம். என்னிடம் பேசும்போதும் கண் இலையில்தான் இருக்கும். அவரிடம் வாங்கிய செடி ஒன்றுகூட என் வீட்டில் பிழைத்ததில்லை; என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ என்னவோ.

தண்ணீர் விஷயத்தில் மகா கஞ்சர். மனைவி துணி அலசிய கடைசி வாளியைக்கூடச் சாக்கடைக்கு விடமாட்டார். தூக்கி வந்து நாற்றுத் தட்டுகளுக்கு ஊற்றிவிடுவார். "சோப்பு போன தண்ணிதானே, குடிச்சிட்டுப் போகட்டும்" என்பார். அந்த அம்மாள் மாத்திரைத் தொழிற்சாலையில் மருந்துப் பொடி நிறுப்பவர். வீடு ஓடுவது அந்தச் சம்பளத்தில்தான்.

போன மாதம் தளிர்கள் வெள்ளையாக முளைத்தன. வெளிறல் இல்லை, காகித வெள்ளை. மண் கொடுத்தவரோடு சண்டை போட்டார், விதைக் கடைக்காரரைத் திட்டினார், என் பூனையைக்கூட விட்டுவைக்கவில்லை. வாளித் தண்ணீர் போகாத மூலைத் தட்டு மட்டும் பச்சையாக இருந்ததைப் பிறகுதான் கவனித்தார். உடனே இரண்டு புதுத் தட்டுகளில் விதைத்து, ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீரும் மற்றதற்கு அலசிய தண்ணீரும் ஊற்றிவந்தார்.

முளைத்ததும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. தொழிற்சாலையின் சலவை இயந்திரம் பழுதானதிலிருந்து மருந்துப் பொடி படிந்த சீருடை வீட்டில்தான் துவைக்கப்படுகிறது. கிருமியைக் கொல்லும் அந்தப் பொடி இலையில் பச்சை ஊறவே விடாதாம். மேற்பார்வையாளரிடம் கேட்டு வந்து அந்த அம்மாள் சொன்னார்.

"அப்போ உங்க செடிக்கு நான்தான் எமனா?" என்று சிரிக்கவும் செய்தார். நானும் சிரித்தேன். நாற்றுக்காரர் சிரிக்கவில்லை.

"செடி கிடக்கட்டும். துணியில ஒட்டுனதே இப்படின்னா, உனக்குள்ள போனது எவ்வளவு?"

முகமூடி தருகிறார்கள், வேர்த்துக் கொட்டினால் கழற்றிவிடுவோம் என்று ஏதோ முணுமுணுத்தார் அந்த அம்மாள். வேலையை விடு என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. நாற்று விற்று இரண்டு பேர் சாப்பிட முடியாதென்பது இருவருக்கும் தெரியும்.

இன்று காலை நாற்றுகளின் பக்கம் அவரைக் காணோம். வாசலில், வேலைக்குக் கிளம்பிய மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"பஸ் போயிடும், விடுங்க."

அவர் விடவில்லை. அந்தக் கையை மெல்லப் புரட்டி, உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.