மேலச் சித்திரை வீதிச் சிவப்பு நாற்காலி

உறையூரில் என் சம்பந்தியம்மாள் வீட்டு வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. இடது கைப்பிடி விரிசல் விட்டு, கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கும். அது அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஸ்ரீரங்கத்தில், மேலச் சித்திரை வீதியில் உள்ள ஒரு வீட்டுக்குச் சொந்தமானது. அது காவிரியைத் தாண்டி உறையூர் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால், ஐம்பத்தைந்து வயதில், புடவையைத் தவிர வேறெதுவும் கட்டி வெளியே போயிராத ஒரு கணக்கு டீச்சர் ஓடக் கிளம்பிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மகளுக்கும் உறையூர்ப் பையனுக்கும் கல்யாணம் நிச்சயமானபோது, மண்டபத்தில் ஒரு பெரியவர் கேலியாகச் சொன்னார்: உறையூரில் பிறந்த நாச்சியாரை ஸ்ரீரங்கத்துப் பெருமாள் கல்யாணம் செய்து கொண்டுபோனதற்கு, உறையூர்க்காரர்கள் இப்போதுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெண்ணை எடுத்துச் சமன் செய்கிறார்கள் என்று. எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பஸ் டெப்போ அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், உயரமானவர், பார்வையிலேயே ஆளை வரிசையில் நிற்க வைத்துவிடுவார். எனக்கு உள்ளூர நடுக்கம்தான். முதல் ஒரு வருடம் எங்களுக்குள் நடந்தது பேச்சுவார்த்தை அல்ல, பட்சணப் போக்குவரத்து. அங்கிருந்து முறுக்கு வந்தால் இங்கிருந்து அதிரசம் போகும். டப்பா ஒருபோதும் காலியாகத் திரும்பாது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சர்க்கரை எல்லையைத் தாண்டிவிட்டது. மருந்தோடு உடம்பையும் அசைத்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொன்னார். மற்றவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. என் அண்ணன் சர்க்கரையால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இல்லாத பாதம் அரிக்கிறது என்று இரவெல்லாம் புலம்பியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அதனால் என் பயமெல்லாம் என் கால்களைப் பற்றித்தான் இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொல்லி அழுதேன். அவளும் மாப்பிள்ளையும் அங்கே தினமும் ஓடுகிறவர்கள். அடுத்த வாரமே ஊதா நிறத்தில் ஒரு ஜோடி ஷூ வந்து இறங்கியது. அன்று சாயங்காலமே உறையூரிலிருந்து போன். தனக்கும் அதே நிறத்தில், அதே விலையில் ஒரு ஜோடி வந்திருக்கிறது என்றார் சம்பந்தியம்மாள். ஒருவருக்கு அனுப்பி இன்னொருவருக்கு விட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? உறையூரில் ஓடினால் தெருவே கூட ஓடிவரும், அதனால் நான் அங்கே வந்துவிடுகிறேன் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அவருடைய ஸ்கூட்டி எங்கள் கீழச் சித்திரை வீதி வீட்டு வாசலில் நின்றது. அவரும் என்னைப் போலவே புதிது. ஓட்டம் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது. இரண்டு மின்கம்பம் ஓடுவோம், ஒரு மின்கம்பம் நடப்போம். கோயிலை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்பது அவர் போட்ட முதல் சட்டம். ஓடுகிற ஓட்டம் பிரதட்சிணமாகவும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். அப்போதுதான் போட்டு முடித்த கோலங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடியதில் எங்கள் ஓட்டம் பாதி பாண்டி ஆட்டமாக இருந்தது. பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். என்னிடம் படித்த ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், "டீச்சர், பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். சம்பந்தியம்மாள் அன்றுதான் முதல்முறையாக என் எதிரில் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்தது அந்தச் சிரிப்பில்தான்.

பிறகு அந்த நாள் வந்தது. முந்தின நாள் ஏகாதசி. எங்கள் வீட்டில் ஏகாதசி என்றால் முழுப் பட்டினி. மறுநாள் துவாதசி காலையில் குளித்து, பெருமாளுக்குப் படைத்து, அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துச் சாப்பிட்டுத்தான் விரதம் முடிப்போம். ஓடிவிட்டு வந்து குளிக்கலாம், குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நான் வரிசை போட்டுக்கொண்டேன். வரிசை சரிதான். ஆனால் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்கிறவள், ஒரு நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றோடு ஓடினால் என்ன மிஞ்சும் என்கிற கழித்தலை, முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தவள் போட மறந்துவிட்டேன். மேலச் சித்திரை வீதிக்குத் திரும்பியதும் காதுக்குள் இரைச்சல். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஒரு வீட்டுக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து இந்தச் சிவப்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். சர்க்கரை கரைத்த தண்ணீர் வந்தது. கூட்டமும் வந்தது. நடுத்தெருவில் ஊதா ஷூவும் கோலப்பொடி அப்பிய சுடிதாருமாக நான் நாற்காலியில் சாய்ந்து கிடக்க, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் பொதுவாகக் கேட்டார். சம்பந்தியம்மாள் தன் துப்பட்டாவை எடுத்து எனக்கு விசிறிக்கொண்டே, டெப்போவில் பேசியிருக்கக்கூடிய ஒரு குரலில், "காத்து வரட்டும், எல்லாரும் தள்ளுங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணைப் பெற்றவளுக்கு நடுவீதியில் நின்று விசிறிய காட்சியை அன்று எங்கள் ஊர் பார்த்தது. எனக்கு அதுவும் சேர்ந்து வெட்கமாக இருந்தது. ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

என் கணவர் கோபிக்கவில்லை. ரசம் சாதம் பிசைந்து கொடுத்து, போதும், விட்டுவிடு என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதிதான். ஷூவைப் பரண்மேல் போட்டேன். கால் விரலைக் கடிக்கிறது என்று மகளிடம் போனில் சொன்னேன். மறுநாள் காலையில் ஸ்கூட்டி வந்து நின்ற சத்தம் கேட்டும் நான் கதவைத் திறக்கவில்லை. அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். அன்று குளிக்கும்போது என் பாதங்களைப் பார்த்தேன். அண்ணனின் ஞாபகம் வந்தது. ஓடவும் பயம், ஓடாமல் இருக்கவும் பயம் என்று நின்றுகொண்டு வெகுநேரம் அழுதேன்.

அதற்கடுத்த நாள் அவர் வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, என் கணவரிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தைரியமும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிரதட்சிணம் பாதியில நிக்குது சம்பந்தி. வாங்க, முடிச்சுட்டு வந்துருவோம்" என்றார்.

நான் விட்டுவிட்டேன் என்றேன்.

"விடுங்க, யாரு வேண்டாங்கறா? முடிச்சுட்டு விடுங்க. ஓடக்கூட வேண்டாம், நடந்தாப் போதும்."

அப்படியென்றால் வாசலிலிருந்து முழுச் சுற்றும் நடக்க வேண்டுமா என்று கேட்டேன். என் குரலில் அழுகை இருந்தது. அவர் என்னை ஏதோ விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஜீயபுரத்துல பிரேக்டவுன் ஆன பஸ்ஸு, ரிப்பேர் பாத்ததும் ஜீயபுரத்துலேருந்துதான் கெளம்பும். மறுபடி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா கெளம்பும்?"

என்னைச் சாப்பிட வைத்து, ஸ்கூட்டியில் ஏற்றி, மேலச் சித்திரை வீதியில் அதே வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். சிவப்பு நாற்காலி அங்கேயே இருந்தது, அதன்மேல் ஒரு முறத்தில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, உட்காருகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னபோது என்னையறியாமல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தேன். மீதி மேலச் சித்திரை, அப்புறம் வடக்கு, அப்புறம் கிழக்கு என்று பேசிக்கொண்டே நடந்தோம். வீட்டு வாசல் வந்ததும், முடிந்துவிட்டது, இப்போது விடுவதென்றால் விடலாம் என்றார் அவர். முடிந்த இடமே தொடங்குகிற இடமாகவும் இருந்ததால், விடுவதற்கு எனக்கு அங்கே தோதான இடம் அகப்படவில்லை. மறுநாள் காலையில் பரணிலிருந்து ஷூவை இறக்கினேன்.

அன்றிலிருந்து அது எங்கள் சட்டமாகிவிட்டது. முடியவில்லையா, நின்றுவிடலாம். ஆனால் மறுநாள் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். மோசமான நாள் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. நேற்று பூக்கடையில் நின்றோம், முந்தாநாள் தேர்முட்டியில் நின்றோம் என்று அவை வெறும் இடங்களாகிவிட்டன. ஒரு கோடை முடிவதற்குள் நிற்காமல் ஒரு சுற்று ஓடினோம். என் ஊசியை டாக்டர் தள்ளிவைத்தார். நாலு வருடமாக இன்னும் தள்ளித்தான் வைத்திருக்கிறார். ஏகாதசியன்று பாலும் பழமும் சாப்பிட வேண்டும் என்று சம்பந்தியம்மாள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

போன வருடம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வார்டில் வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். நர்ஸ் மேஜை வரைக்கும் போனவர், தலை சுற்றி விழப் பார்த்திருக்கிறார். அத்தோடு சரி. வீட்டுக்கு வந்த பிறகு ஜன்னலோரக் கட்டிலை விட்டு இறங்க மறுத்துவிட்டார். இப்படியே இருந்தால் கால் திரும்ப வராது என்று மாப்பிள்ளையிடம் டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வருகிறவரை இவரோ தினமும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்புவார். என்னை வீதியில் இழுத்துக்கொண்டு போனவர் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. நான் பஸ் ஏறிப் போய், அவர் சொன்னதையே அவரிடம் சொன்னேன். வண்டி நின்ற இடத்திலிருந்துதானே கிளம்ப வேண்டும் என்றேன்.

"வண்டியே ஸ்கிராப்புக்குப் போயாச்சு சம்பந்தி" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம், என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு நீங்க விழுந்தப்ப ஒருத்தங்க சேர் கொண்டாந்து போட்டாங்க. நான் நடுத்தெருவுல நின்னா யாரு போடுவா?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய மனுஷிக்கு இருந்த பயம் அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் நேரே மேலச் சித்திரை வீதிக்குப் போனேன். அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். "எடுத்துட்டுப் போங்க டீச்சர், அது உங்க சேர்தானே" என்றார். உறையூரில் நாற்காலியே இல்லையா என்று என் கணவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் அதற்கெல்லாம் இந்த வேலையில் முன்னனுபவம் இல்லை என்று சொல்லிவிட்டு, நாற்காலியை ஆட்டோவில் ஏற்றினேன்.

என்னையும் நாற்காலியையும் பார்த்துச் சம்பந்தியம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கண் கலங்கியது. வாக்கரோடு தெருவில் இறங்கியதும் கோபம் வந்துவிட்டது. அவர் முன்னால் நடக்க, பெண்ணைக் கொடுத்தவள் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனால், பார்ப்பவர்கள் இன்னும் சீர் வந்துகொண்டிருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? கீழே வையுங்கள் என்றார். நீங்கள் உட்காருவதாக இருந்தால் வைக்கிறேன் என்றேன். அவர் உட்காரவில்லை. இன்னும் ஒரு வீடு தாண்டினார், வீம்புக்கு இன்னொன்று. தறிச் சத்தம் கேட்கும் வீட்டு வாசலில் போதும் என்று நின்றார். மறுநாள் அந்த வாசல் வரைக்கும் ஆட்டோவில் போய் இறங்கி, அங்கிருந்து நடந்தோம். பத்து வீடு தள்ளி இறங்குவதற்கு ஆட்டோ கூப்பிட்ட இரண்டு பொம்பளைகளை அந்த டிரைவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். இப்படியே நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நாச்சியார் கோயிலை நோக்கி நகர்ந்தோம். ஒருநாள்கூட அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

கோயில் கோபுரம் கண்ணில் பட்ட அன்று வெயில் ஏறிவிட்டது. அவர் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார். நான்தான் பின்தங்கினேன். அவர் வாக்கரை மெல்லத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்.

"சம்பந்தி, நேத்து ஏகாதசி இல்ல?"

அவர் கோயில் வாசலைத் தொடும்வரை ஏகாதசிக்குப் பாலும் பழமும்கூட வேண்டாம், முழுப் பட்டினி என்று நாச்சியாரிடம் நான் வேண்டிக்கொண்டது அவருக்குத் தெரியாது. ஆனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"கணக்கு டீச்சருக்கு அறிவு இருக்கா? சேரைக் கீழ வைங்க. நீங்க உக்காருங்க."

உறையூரின் நடுத்தெருவில், அதே சிவப்பு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முந்தானையை எடுத்து எனக்கு விசிறினார். இரண்டு கையாலும் பிடிக்காமல் அவர் நின்றது அன்றுதான் முதல் தடவை. திட்டுகிற மும்முரத்தில் அதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் சொல்லவில்லை. சொன்னால் விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கடையில் ஒரு டீயும் பன்னும் வாங்கி எனக்குக் கொடுத்து, நான் தின்று முடிக்கிறவரை காத்திருந்து, "நாளைக்கு இங்கேருந்து" என்றார்.

இப்போது அவர் கைத்தடியோடு நாச்சியார் கோயில் வரைக்கும் தனியாகப் போய்வருகிறார். இனி ஓடுவார் என்று தோன்றவில்லை. மேலச் சித்திரை வீதி அம்மாளுக்குப் புதிதாக இரண்டு நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் நான் மட்டும் காவிரிப் பாலத்தைத் தாண்டி உறையூர் வரைக்கும் ஓடுகிறேன். முடியாத இடத்தில் நடக்கிறேன். போய்ச் சேரும்போது அவர் வாசற்படியில் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சிவப்பு நாற்காலி காலியாக இருக்கும். நான் வருகிறவரை அதில் யாரையும் உட்கார விடமாட்டாராம், பேப்பர் போடுகிறவர் சொன்னார். எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. நான் தெருமுனையில் திரும்பியதுமே அங்கிருந்து குரல் வரும்.

"சாப்டீங்களா சம்பந்தி?"