என் மனைவியின் குள்ள மரங்கள்

காலமெல்லாம் தென்னை வளர்த்தவன் நான். தென்னங்கன்றைப் பார்த்தே அதன் தாய் மரம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான், குளிர்மலை நுவரெலியாவுக்குச் சுற்றுலா போன என் மனைவி மூன்று ஊசியிலைச் செடிகளை மடியில் ஏந்தியபடி திரும்பி வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முழங்காலுக்கு மேல் வளராத குள்ளச் சாதி. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்குமாம்.

"காய்க்குமா?" என்றேன்.

"காய்க்காது. பாக்க வடிவா இருக்கும், போதாதா?"

பக்கத்து வீட்டு மச்சான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, நம்மட முஸ்லிம் ஊட்டுலயும் நத்தார் மரமா?" என்று கிறிஸ்மஸ் மரத்தைச் சொல்லிக் கிண்டலடித்தார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கிணற்றுக்கும் வாசல் கேற்றுக்கும் இடையில் கிடந்த பாயளவு மணலில் மூன்றையும் நட்டாள். கடற்காற்று கொண்டுவரும் உப்புப் படியாமல், பின்னேரம் தவறாமல் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவினாள். ஒரு வருஷம் மூன்றும் வாடாமல் நின்றன.

பிறகு மகளின் பிரசவத்துக்காகக் குருநாகல் போனாள். போகும்போது சொன்னது ஒன்றுதான்: "தண்ணி மட்டும் ஊத்துங்க. உங்கட கைவேல ஒண்டும் வாணாம்."

இரண்டு கிழமை சொல் கேட்டேன். மூன்றாம் கிழமை நுனிகள் வெளிறினாற்போலத் தெரிந்தது. தென்னங்கன்று இளைத்தால் இங்கே அடியில் உப்புப் போடுவோம். எனக்குத் தெரியாத மரமா என்ற திமிரில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை உப்பைப் போட்டுத் தண்ணீரும் ஊற்றினேன்.

சில நாட்களில் இரண்டு செடிகள் செங்கல் நிறமாகிவிட்டன. மூன்றாவதில், மற்ற இரண்டையும்விடச் சற்று நீலம் பாய்ந்திருந்த செடியில், இன்னும் உயிர் இருந்தது. அதைத் தோண்டி எடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்துச் சவர்த்துப் போயிருந்ததால் குடிக்க வாங்கிய தண்ணீரில் வேரைக் கழுவினேன். ஆற்று மணலும் தேங்காய்த் தும்புத்தூளும் கலந்து ஒரு பழைய பேசினில் வைத்தேன். அவள் வரும்வரை அதன் பக்கத்திலேயே கிடந்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

அவள் வந்ததும் கேற்றிலேயே சொல்லிவிட்டேன்: "நான்தான் உப்புப் போட்டன்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். காய்ந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூன்றாவதன் இலையைக் கிள்ளி முகர்ந்தாள். "இது தப்பும்," என்றாள்.

அதிலிருந்து சிறு கிளைத் தடிகளாக வெட்டி வெட்டி நட்டு வைத்தாள். பாதிக்கு மேல் பட்டுப்போயின. அவள் விடவில்லை. பல வருஷம் கழித்து இன்றைக்கு, கேற்றிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையின் இரண்டு பக்கமும் குள்ள மரங்கள் நீலப்பச்சையாக நிற்கின்றன. கடலிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கும் அசைவதில்லை.

போன மாதம் கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காக்கா, இந்த உப்பு மண்ணுல எப்பிடி வளத்தீங்க? உங்களாலதான் ஏலும்."

என் மனைவி உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சும்மா தலையாட்டியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார்.

"என்கிட்டக் கேக்காதீங்க தம்பி," என்றேன். "நான் ரெண்டச் சாகடிச்சவன். வளத்த ஆள் உள்ளுக்கு இருக்கா."

தெருவுக்கே கேட்கும்படி அவளைக் கூப்பிட்டேன். இத்தனை பெருமையோடு என் தென்னைகளைக்கூட நான் யாருக்கும் காட்டியதில்லை.