நனைக்காத துணி

பீளமேட்டில் என் கடைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது என்னை அல்ல, நான் மாட்டி வைத்திருக்கும் பலகையை. "நனைக்காத துணிக்கு எம்பிராய்டரி போடப்பட மாட்டாது." கோபத்தில் எழுதிய பலகை அது. ஆணி அடிக்கும்போது கட்டைவிரலிலும் ஒரு அடி விழுந்தது. அந்தக் கோபமும் சேர்ந்து எழுத்து கொஞ்சம் பெரிதாகவே அமைந்துவிட்டது.

காரணம் ஒரு மயில். ஒரு அம்மா ப்ளவுஸ் முதுகில் மயில் கேட்டார். கடையில் வாங்கிய புதுக் காட்டன் துணி, கஞ்சி மொடமொடப்போடு இருந்தது. அப்படியே ஃபிரேமில் பூட்டி, கம்ப்யூட்டர் மெஷினில் போட்டுக் கொடுத்தேன். மயில் தோகையை விரித்துக்கொண்டு போனது. முதல் துவைப்பில் துணி சுருங்கியது, நூல் சுருங்கவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மா திரும்பி வந்தார். "ஏனுங்க, நான் மயில் கேட்டனுங்க. இது அடைக்கோழியாட்ட உக்காந்திருக்குதுங்களே?" என்றார். திட்டவே இல்லை. எங்கள் ஊரில் திட்டுக்கும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்கிறவனுக்கு எரிச்சல் இரட்டிப்பு.

அன்றிலிருந்து துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தால்தான் கை வைப்பேன். ஆனால் ஜனங்கள் விட்டால்தானே! "புதுசுல தண்ணி பட்டுப்போச்சுன்னா அப்புறம் அது பழசு தானுங்களே?" என்பார்கள். கல்யாணத்துக்கு மஞ்சள் தடவி வைக்கிற துணியில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்பார்கள். நான் பலகையைக் காட்டுவேன். அவர்கள் கல்லாவில் இருக்கும் என் மனைவியைப் பார்ப்பார்கள். அவள் துணியை வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, சாயந்திரம் எனக்குத் தெரியாமல் வீட்டில் அலசிக் கொண்டுவந்து விடுவாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் உடுமலைப்பேட்டையில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பல வருடம் ஏங்கிப் பெற்ற குழந்தை. அந்த வருடங்களில் அவள் மாமியார் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் என் தங்கைக்குப் பயம். "அத்தை திட்டிப்போட்டாக்கூடப் பரவால்லண்ணா. மனசுல என்ன வெச்சிருக்காங்கன்னே தெரியல" என்பாள். பெயர் வைக்கும் நாளுக்கு முந்தின வாரம் போன் செய்தாள். "தாய்மாமன் சீருண்ணா. அவங்க சொந்தக்காரங்க பூராவும் வாராங்க. கொற சொல்ற மாதிரி ஒண்ணும் ஆயிரக்கூடாது. அப்புறம் இந்த ஊட்ல நான் தலை நிமுந்து நடக்க முடியாது."

விடுவேனா? குழந்தைக்கு என் கையாலேயே ஒரு குவில்ட் தைப்பது என்று முடிவு செய்தேன். பல வண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற சின்ன மெத்தை. ஒவ்வொரு துண்டையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்தேன். ஓரத்துக்கு வைத்த சிவப்பை, அலசிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்து, நிறம் தெளிகிற வரைக்கும் விடாமல் அலசினேன். மொட்டை மாடிக் கொடி முழுக்கக் கைக்குட்டை அளவில் துணி தொங்கியது. மனைவி வந்து பார்த்தாள். "ஏனுங்க, தங்கச்சி கொழந்தையவும் ஒருக்கா நனைச்சுக் காயப்போட்டுத்தான் கையில வாங்குவீங்களோ?" என்றாள்.

கேலி பண்ணிவிட்டு அவளே போய் ஒப்பணக்கார வீதியில் செக்கச்செவேலென்று ஒரு கவுன் வாங்கிவந்து, சீரில் வைக்க அட்டைப்பெட்டியோடு எடுத்து வைத்தாள். நான் கையை நீட்டினேன். பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "சீருல இது ஒண்ணாச்சும் தண்ணி படாம போகட்டும். நல்ல காரியமுங்க." நல்ல காரியம் என்று சொல்லிவிட்டாளே! விட்டுவிட்டேன்.

உடுமலையில் வீட்டுக்கு முன்னால் பந்தல், தென்னந்தோப்பை ஒட்டி வரிசையாகக் கார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் தட்டுகளை இறக்கி வைத்தோம். குவில்ட் மேலே இருந்தது, கவுன் பெட்டிக்குள். தங்கையின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கைகூப்பி வரவேற்று, ஒவ்வொரு தட்டாகத் தொட்டு வணங்கிக்கொண்டே வந்தார். குவில்ட்டில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது.

"பஞ்சாட்ட இருக்குதுங்க தம்பி," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிக மிக மரியாதையாக, "ஊட்ல பொழங்கிட்டு இருந்ததுங்களா?" என்றார்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. ஒட்டுப்போட்ட துணி, அதிலும் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. சீர்த்தட்டில் பழைய போர்வையைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்! பக்கத்தில் நின்ற பெரியம்மாக்கள் இரண்டு பேர் கழுத்தை நீட்டினார்கள். தங்கை முகம் செத்துப்போயிற்று. நான் துணி சுருங்குவதைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தேன். எந்த ஊர்ப் பந்தலில் யார் அதையெல்லாம் கேட்டிருக்கிறார்கள்? நான் பேசப் பேச அது பழைய துணிதான் என்பது அவர்களுக்கு உறுதியாகிக்கொண்டே போனது.

அத்தை என் கையைத் தட்டிக்கொடுத்தார். "செரி செரிங்க தம்பி. நம்மளுக்குள்ள என்னங்க," என்றார். சொல்லிவிட்டு குவில்ட்டை மடித்துப் பழத்தட்டுக்கு அடியில் வைத்தார். நம்மளுக்குள்ள என்னங்க! என் முப்பாட்டனையும் சேர்த்துத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அவரே குழந்தையை உள்ளறைக்குத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டி, எங்கள் பெட்டியைப் பிரித்து அந்தச் சிவப்புக் கவுனைப் போட்டுத் தூக்கி வந்தார். உள்ளே இருந்தது அவர், என் தங்கை, என் மனைவி மட்டும்தான். பெயர் வைத்தாயிற்று. குழந்தை கைமாறிக் கைமாறி, புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டி, கவுனையும் நனைத்து, வீறிட்டு அழுதது. மாற்றுவதற்காகக் கவுனைக் கழற்றிய ஒரு பெரியம்மா, "ஐயோ சாமி! கொழந்தை ஒடம்பு பூராவும் செவந்து போச்சு!" என்று கத்தினார்.

பந்தலே திரண்டு வந்தது. ஒருவர் அம்மை என்றார், ஒருவர் பூச்சிக்கடி என்றார். "வண்டிய எடுங்கப்பா, பொள்ளாச்சி ஆசுபத்திரிக்குப் போயிரலாம்," என்று ஒரு குரல். தங்கை குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த குழந்தை! நானும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனேன். அப்புறம்தான் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். அக்குளிலும் தொடை மடிப்பிலும்தான் அதிகம். தங்கையின் கைவிரல்களிலும் அதே சிவப்பு. பழத்தட்டுக்கு அடியிலிருந்து குவில்ட்டை உருவி, ஒரு மூலையைத் தண்ணீரில் முக்கி, அடிப்பக்கத்து வெள்ளைத் துணியால் குழந்தையின் தொடையைத் துடைத்தேன். சிவப்பு துணிக்கு வந்தது, குழந்தை வெள்ளையாகத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லீங்க. சாயமுங்க," என்றேன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நனைக்காத துணி என்ன செய்யும் என்று ஊருக்கே ஒரு பிரசங்கம் செய்யலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு மாமா, "சாயம் போற துணியப் பச்சக் கொழந்தைக்கு எவனப்பா வாங்கிக் குடுத்தது?" என்றார்.

நான் கையிலிருந்த குவில்ட்டை மறுபடி மடிக்க ஆரம்பித்தேன். என் மனைவி தரையைப் பார்த்தாள். தங்கை என்னைப் பார்த்தாள், அழுத கண்ணில் இப்போது வேறொரு பயம்.

"நாந்தானுங்க," என்றார் அத்தை. "நேத்துக் கடைவீதில பளபளன்னு தொங்குச்சு. வாங்கியாந்து போட்டு உட்டுப்போட்டேன். எனக்குப் புத்தி எங்க போச்சோ போங்க."

மாமா விடவில்லை. "ஏனுங்க அம்மணி, இத்தன வயசுக்கும் துணி பாத்து வாங்கத் தெரியலீங்களா?" என்று சிரித்தார். பந்தலும் சேர்ந்து சிரித்தது. அத்தையும் கூடவே சிரித்தார். சிரித்துக்கொண்டே கவுனைச் சுருட்டி இடுப்பில் செருகி, குவில்ட்டை உதறிக் கட்டிலில் விரித்தார். "தாய்மாமன் மெத்தைல போடு கண்ணு. அவரு அலசி அலசித் தெச்சிருக்காரு. ஓரமெல்லாம் செவப்பு, ஆனா பாருங்க, ஈரம் பட்டும் ஒரு சொட்டுச் சாயம் போகல," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அப்படியானால் நான் சொன்ன விளக்கத்தை அந்தப் பந்தலில் ஒரே ஒருவர் முழுதாகக் கேட்டிருக்கிறார்.

என் தங்கை குழந்தையைக் கிடத்திவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி அழுதாள். இந்தத் தடவை யாரும் காரணம் கேட்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அத்தை உடுமலையிலிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குக் கட்ட ஒரு புடவை, அதற்குத் தோதாக ஒரு காட்டன் ப்ளவுஸ் துணி. முதுகில் மயில் வேண்டுமாம். பையிலிருந்து எடுத்தவர் பலகையை நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, துணியை மறுபடி பைக்குள் வைக்கப்போனார்.

"தண்ணி படலீங்களே தம்பி. நல்ல நாளைக்குக் கட்டறதுன்னு நனைக்காம எடுத்தாந்துட்டேன். என்ன பண்ணட்டுங்க?"

கல்லாவிலிருந்து என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டாங்க அத்தை," என்று கை நீட்டினேன். "நம்மளுக்குள்ள என்னங்க."