இரும்பு படக்கூடாத கல்

கல்லை அரைத்து, கரைத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்வது என் தொழில். இதைச் சொல்லியும் யாழ்ப்பாணத்தில் எனக்குப் பெண் தந்தார்கள். ஊருக்கு விளங்காத உத்தியோகம் பார்க்கும் அப்பாவிகளே, உங்களுக்குத்தான் இந்தக் கதை.

ஆனையிறவு

நிலத்துக்கடியில் பாறைக்குழம்பு புகுந்து ஆறிய இடத்துக்குப் பக்கத்தில், நொறுங்கிய துண்டுகள் திரும்ப ஒட்டி உருவான கல்லைப் பிரெச்சியா என்போம். குழம்பின் சூட்டில் அதன் குணமே மாறிவிடும். அதில் இரும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்டினால் எனக்கு முதுமாணிப் பட்டம். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். ஆகவே தெற்கே ஒரு மலையடியில் பொறுக்கி, சாக்குகளில் கட்டி, லொறியில் ஏற்றி வந்தேன்.

ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் அத்தனையையும் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். ஆமிக்காரர் ஒருவர் தட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். நான் பாறைக்குழம்பிலிருந்து தொடங்கி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரிந்த தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாழ்ப்பாணத்தில கல்லு இல்லையா, மாஸ்டர்?"

துடக்கு

ஆய்வுகூடத்தில் கரண்ட் இல்லை, அமிலமும் வரவில்லை. வரும்வரை சாக்குகள் கோப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் கிடந்தன. இரும்பை அளக்கப்போகும் கல்லில் வேறு இரும்பு ஒரு பொட்டுப் பட்டாலும் கணக்குப் பிழைத்துவிடும். கத்தி, அலவாங்கு, மண்வெட்டி எதுவும் கிட்டப் போகக்கூடாதென்று சட்டம் போட்டேன். ஒருநாள் மனைவி பவளம் தேங்காய் துருவும் திருவலையைச் சாக்கில் சாத்திவிட்டாள். நான் குதித்த குதியைப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "மனுசருக்குப் பாக்காத தீட்டுத் துடக்கை உங்கடை கல்லுக்குத்தான் பாக்கிறியள்."

பங்கர்

பிறகு சண்டை மூண்டது, தெற்கே போகும் பாதையும் பூட்டியாயிற்று. ஊருக்குள் ஷெல் விழத் தொடங்க, பக்கத்து வீட்டுச் சின்னராசா அண்ணை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக எங்கள் வீட்டு வளவில் பதுங்கப் பங்கர் வெட்டினார். மேலே பனங்குற்றி அடுக்கியாயிற்று. மண் நிரப்பச் சாக்குத்தான் கிடைக்கவில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பவளமும் அவருமாக என் கல்லுச் சாக்குகளைத் தூக்கி மேலே அடுக்கிவிட்டார்கள். வந்து பார்த்ததும் எனக்கு விசர் பிடித்தது. முதல் சாக்கை இறக்கக் கை வைக்க, கூவிக்கொண்டு வந்தது ஷெல். அண்ணை என் சேட்டுக் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

பங்கருக்குப் பக்கத்து முருங்கையடியில் விழுந்து வெடித்தது. வெளியே வந்தபோது இரண்டு வீட்டாரிலும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மேலே சாக்குகள் கிழிந்து, கற்கள் நொறுங்கி ஒன்றோடொன்று கலந்து, அவற்றுக்குள் ஷெல்துண்டுகள் ஏறிப்போய்க் கிடந்தன. திரும்பப் போய்ப் பொறுக்கவும் வழியில்லை. குந்தியிருந்து அழுதேன். உயிர் தப்பிய சந்தோசத்தில் அழுகிறேன் என்று சின்னராசா அண்ணை முதுகைத் தடவினார். இல்லை, கல்லுக்காகத்தான் அழுதேன். அது பவளத்துக்குத் தெரியும். தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்: "இரும்பு கூடியிருக்கெண்டு காட்டத்தானே நிண்டனீங்கள்? இப்ப நல்லாக் கூடியிருக்கும்."

பட்டம் வரவில்லை, ஆனால் என் ஆய்வால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை என்று அந்தப் பங்கருக்குள் இருந்தவர்கள் எவரும் இன்றுவரை சொன்னதில்லை.